வேலிக்கு அப்பால் ஒரு பல் சக்கரம்

"இதுல முன்பக்கம் எதுய்யா?" என்று மூத்த மாப்பிள்ளை மறுபடியும் கேட்டார்.

பழைய இரும்புக் கடைக்காரர் அந்தச் சாமானை ஒருமுறை சுற்றி வந்தார். நீளமான தண்டில், வளைந்த பல் வைத்த சக்கரங்கள் வரிசையாகக் கோத்திருந்தன. டிராக்டரில் பூட்டுவதற்கு இரண்டு பக்கமும் கொக்கி இருந்தது. மற்றபடி எல்லாம் துரு.

"எந்தப் பக்கம் நிறுத்தாலும் ஒரே எடைதாங்க."

"இதுக்குப் பேரு?"

"நம்ம கடையில எல்லாத்துக்கும் ஒரே பேருதான். இரும்பு."

"களை எடுக்குமா?"

"நீங்க எடுத்தா அதுவும் எடுக்கும்."

மூத்த மாப்பிள்ளை அதற்கு மேல் யோசிக்கவில்லை. இதே பல்லைத்தான் அவர் சகலையின் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில், வேலி வழியாகக் கழுத்தை நீட்டிப் பார்த்திருந்தார். மனைவியின் தங்கை வீட்டுக்காரர்தான் சகலை. இருவருக்கும் ஒரே மாமனார், நடுவில் ஒரே வேலி. அந்தப்புறம் மக்காச்சோளம் வகிடெடுத்துச் சீவிய தலை மாதிரி நின்றது. இந்தப்புறம் புல்லை விலக்கித்தான் பயிரைத் தேட வேண்டும்.

பொறாமை என்று யாராவது சொன்னால் மனிதருக்குக் கோபம் வரும். ஆனால் வேலிப்பக்கம் போனாலே வயிறு எரிந்தது என்னவோ உண்மை.

அதற்குக் காரணமும் இருந்தது. கிணற்றை ஒட்டிய தன் நிலத்தை, யார் வயல் சுத்தமாக இருக்கிறதோ அந்த மாப்பிள்ளை கையில் கொடுக்கப்போவதாக மாமனார் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்.

"தங்கச்சி வீட்டுக்காரர் எப்படி வெச்சிருக்கார் பாருங்க" என்று மனைவி வேறு போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மிஷின் இருந்தா நான்கூடத்தான் வெச்சிருப்பேன்" என்றார். இப்போது மிஷின் வந்துவிட்டது.

கண்ணில் பட்ட பக்கத்தை முன்பக்கமாக வைத்துப் பூட்டி ஓட்டினார். திரும்பிப் பார்த்தால், புல்லெல்லாம் இஸ்திரி போட்டது போல் படுத்திருந்தது. இறங்கிப் போய்ப் பார்ப்பதற்குள் நிதானமாக எழுந்து நின்றுகொண்டது.

வேலி ஓரத்தில் சகலை, கையில் தம்ளரோடு நின்றார்.

"என்ன சகலை, நம்ம வீட்டுல இருக்கிறதையே வாங்கிட்டீங்க போல?"

"அதைவிட நல்லது."

சகலை சக்கரங்களை உற்றுப் பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். சற்று நேரத்தில் அவருடைய கொட்டகைக்குப் பின்னால், இங்கிருந்து தெரியாத வயலில், டிராக்டர் உறுமியது.

"கேட்டியா சத்தத்தை? நான் தடுமாறுறேன்னு தெரிஞ்சு வேணும்னே ஓட்டிக் காட்டுறான்!"

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு, ஓட்டுறார்" என்றாள் மனைவி.

அந்த ஒரு வார்த்தை போதாதா? கருவியைக் கழற்றி, அப்படியே திருப்பிப் பூட்டினார். இந்தத் தடவை பற்கள் மண்ணைக் கிளறின. வேர் பிடித்த புல் அசையவில்லை. இளஞ்சோளம்தான் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிளம்பி வந்தது.

"திருப்பிப் பூட்டிட்டீங்களா?" என்றார் வேலியோரத்துச் சகலை.

"அப்படித்தான் பூட்டணும்."

"ஓ" என்று சகலை நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பின்பக்க உறுமல். மூத்த மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேகம் போதவில்லை என்று தோன்றி, டிராக்டரை விரட்டினார். கருவி துள்ளியது. துள்ளி விழுந்த இடமெல்லாம் சோளம் போயிற்று.

"வெயிட்டு பத்தல" என்று முடிவு கட்டி, கொல்லைக்கு ஓடினார்.

"ஐயோ, அது நான் துணி துவைக்கிற கல்லுங்க!"

"நாளைக்கு உங்கப்பா வர்றார். துணி முக்கியமா, நிலம் முக்கியமா?"

முக்கி முனகிக் கல்லைக் கருவியின் மேல் ஏற்றிக் கயிற்றால் கட்டினார். வேலியோரத்தில் சகலை தம்ளரை வாயருகே பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"கல்லு எதுக்கு?"

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

சாயங்காலம் வயலில் ஒரு சோளம்கூட நிற்கவில்லை. களை மட்டும் பத்திரமாக, பயிர் போட்டது போல் வரிசையாக நின்றது.

நிலம் போனது போனதுதான். மாமனார் முன்னால் முழு முட்டாளாக நிற்காமல் இருக்கவாவது அந்த வித்தையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வேலியைச் சுற்றிப் போய்ச் சகலை வீட்டுக் கதவைத் தட்டினார். மச்சினி திறந்தாள்.

"அவர் இருக்காராம்மா? அந்த மிஷினை எப்படி ஓட்டுறதுன்னு... சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு."

மச்சினி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"விளையாடாதீங்க அத்தான். வேலிப்பக்கத்தை நான் கையால பறிச்சு இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம். பின்பக்கத்தை, அந்த மிஷினை வெச்சுக்கிட்டு முழிச்ச மனுஷன், நீங்க ஓட்டுறதைப் பார்த்துப் பார்த்து அப்படியே ஓட்டினார். நீங்க திருப்பிப் பூட்டினா இவரும் திருப்பிப் பூட்டினார், நீங்க விரட்டினா இவரும் விரட்டினார். இப்ப அங்கேயும் புல்லு மட்டும்தான் நிக்குது. அதெல்லாம் போகட்டும், எங்க துணி துவைக்கிற கல்லை எதுக்கு அத்தான் ஏத்தச் சொன்னீங்க?"