படித்த தாய்மார்கள் கொடுக்கும் பால்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, ஐந்தையும் வளர்த்து ஆளாக்கினேன். இதைச் சொல்லும்போது என் குரல் தானாகக் கொஞ்சம் உயரும். (உயரட்டுமே, கஷ்டப்பட்டவள் நான்தானே.) ஆனால் நான்காவது மகன் ஜெயராஜ் பக்கத்தில் இருந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். அவனைக் கைக்குழந்தையிலேயே பறிகொடுத்திருப்பேன். நோய் நொடியால் அல்ல. ஒரு படத்தைப் பார்த்து மயங்கியதால்.

அப்போது மூணாறு மலையில் பள்ளிவாசல் என்கிற ஊர்ப்பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து இறங்கி வந்தால், மைதானத்தில் ஒரு விளம்பர வேன் நிற்கிறது. அதன் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு குழந்தையின் படம். மணிக்கட்டில் நூல் கட்டி இறுக்கியதுபோல மடிப்பு. இரண்டு கன்னமும் சேர்ந்து மூக்கை மறைக்கப் பார்த்தன. என் மகன் ஜெயராஜுக்கு அப்போது நான்கு மாதம். இடுப்பில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தேன். அதுவரை நன்றாகத்தான் இருந்தான். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவன் நோஞ்சானாகத் தெரிந்தான்.

வேனில் இருந்த பெண் மைக்கில் சொன்னாள்: "படித்த தாய்மார்கள் இந்தப் பால் மாவைத்தான் கொடுக்கிறார்கள்!"

மாவை விடுங்கள், அந்தப் 'படித்த' என்ற சொல்தான் என்னை விலைக்கு வாங்கியது. நான் இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிப்பேன், ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகும். எங்கள் லைன் வீடுகளில் மற்ற பெண்களுக்கு அதுவும் வராது. ஆகவே நான் படித்தவள்.

வீட்டுக்காரர் ஃபேக்டரி வேலைக்காரர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"ஏட்டி, ஒனக்குப் பால் வத்தியா போச்சு? தகரத்துல போயி வாங்கணும்ங்கே?"

"ஒங்களுக்கு என்ன தெரியும்? படிச்சவங்க இதத்தான் குடுக்காங்களாம்."

"படிச்சவங்க தேயிலையுந்தான் குடிக்காங்க. ஒங்கூட நின்னு பறிக்கவா வாராங்க?"

இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மூணாறு கடைவீதியிலிருந்து டப்பா வந்தது.

டப்பாவில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பம், அவளுக்கும் என் மகன் வயதில் ஒரு பெண் குழந்தை, ஓடி வந்தாள்.

"மதினி, என்ன போட்டிருக்கு? வாசிங்களேன்."

டப்பாவை எட்டப் பிடித்துக்கொண்டேன். தொண்டையைச் செருமினேன். "ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு கரண்டி. குடிச்ச பிள்ள அழாது. ஆறு மாசத்துல நடக்கும்." (ஆறு மாதத்தை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. வாய் திறந்தது, வந்தது.)

"நானும் ஒண்ணு வாங்கட்டா மதினி?"

"ஒனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. அளவு தப்பினா பிள்ளைக்கு ஆபத்து."

என் திமிர் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அவள் வாங்கவில்லை.

கைக்குழந்தைக்காரிகளுக்கு நடுக்காலையில் பால் கொடுக்கப் போக நேரம் விடுவார்கள். எல்லோரும் கூடையை இறக்கிவிட்டு, பிள்ளைகளை விட்டிருக்கும் கிரஷுக்கு ஓடுவார்கள். நான் ஓடவில்லை. பாட்டிலைக் கிரஷ் ஆயாவிடம் கொடுத்துவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு தொடர்ந்து பறித்தேன். மார் கட்டிக் கல்லாய்க் கனத்தது. ரவிக்கை நனைந்தது. இதைப் பற்றி மைக்குக்காரி ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். பிறகு மெல்ல மெல்லப் பால் வற்றிப்போனது. அதையும் முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டேன்.

டப்பா அடியைத் தொட்டதும் ஒரு கரண்டியை அரைக் கரண்டி ஆக்கினேன். தண்ணீர் பைப்பில் பிடித்த பச்சைத் தண்ணீர். பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றால் போனது; பல் முளைக்கப்போகிறது என்றேன். பிள்ளை அழவில்லை. அதைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை. அவன் அழாதபோதெல்லாம், பார்த்தீர்களா, சொன்னேனே என்று லைன் முழுக்கப் பெருமை பேசினேன். அழக்கூடத் தெம்பில்லை அவனுக்கு என்று தாய்க்குத் தெரியவில்லை. அந்த வேனைக் குறை சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் வேன் அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் முதல் அதன் வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்த்தவள் நான்.

அந்த வருஷம் எஸ்டேட்டில் பேபி ஷோ வைத்தார்கள். நன்றாக வளர்ந்த குழந்தைக்கு ஒரு கம்பளி பரிசு. அது எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். எடை கூட்டுவதற்காகக் காலையிலேயே இரண்டு பாட்டில் புகட்டினேன். மீதியிருந்த டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டேன். பரிசு கொடுக்கும்போது கையில் இருந்தால் அழகாக இருக்குமே!

மானேஜரின் மனைவியைத் தொரசாணி என்போம். வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையாக மடியில் வாங்கிக் கொஞ்சினார். ஜெயராஜ் மடிக்குப் போனதுதான் தாமதம், மேலே ஒரு பாட்டிலும் கீழே ஒரு பாட்டிலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கூட்டம் சிரித்தது. நானோ, "நல்ல பால்தான் அம்மா, படிச்சவங்க குடுக்கது" என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை, விளம்பரம் செய்தேன்.

மலையாளி டாக்டர் சிரிக்கவில்லை. பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். தூக்கிய தோல் தூக்கியபடியே நின்றது.

"எத்தர கரண்டி?"

"டப்பால எழுதியிருக்கபடிதான் டாக்டர்."

"எங்கே, வாயிச்சு காட்டு."

எல்லோரும் பார்க்கிறார்கள். முன்வரிசையில் புஷ்பம். டப்பாவை எட்டப் பிடித்தேன். "ஒரு டம்ளர் தண்ணிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

டாக்டர் டப்பாவை வாங்கிச் சுற்றிப் பார்த்தார். "இதில் தமிழே இல்லல்லோ அம்மே," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு மைக்கில் சொன்னதுபோல் இருந்தது. பின்னால் ஒருத்தி, "இம்புட்டு நாளும் நம்மகிட்ட ரீலுல்லா விட்டிருக்கா!" என்றாள். மைதானமே குலுங்கியது.

அடுத்து டாக்டர் சொன்னதில் சிரிப்பு நின்றது. உடம்பில் நீரே இல்லை, இந்த இரண்டு நாள் தாண்ட வேண்டும், தாய்ப்பால் வேண்டும்.

என்னிடம் ஏது?

அவமானத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கை வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டது. "குடுங்க மதினி இங்க." புஷ்பம்தான். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அன்றிரவு முழுக்க எஸ்டேட் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து உப்புச் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக நான் விட்டேன், இடையிடையே அவள் பால் கொடுத்தாள். அவனுக்கு உறிஞ்சக்கூட வலுவில்லை. பீய்ச்சிப் பீய்ச்சி வாயில் விட்டாள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது ஜெயராஜ் வீறிட்டு அழுதான். ஆஸ்பத்திரியே எழுந்துகொண்டது. புஷ்பம் என்னைப் பார்த்து, "மதினி, டப்பால போட்டிருந்தது பொய்யி. குடிச்ச பிள்ள அழுவுதே!" என்றாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

அதன்பின் நான்கு மாதம், நடுக்காலையில் அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கப் போவாள். அவள் திரும்பும்வரை அவள் வரிசையையும் சேர்த்து நான் பறித்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

ஜெயராஜுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. வாசலில் சற்று ஒருக்களித்துத்தான் நுழைவான், அவ்வளவு உடம்பு. டிவியில் விளம்பரம் வந்தால் போதும், பேரப்பிள்ளைகள் முன்னால், "அம்மா, டம்ளருக்கு எத்தனை கரண்டின்னு போட்டிருக்கு?" என்பான். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். கிறிஸ்துமஸுக்கு அவன் எடுக்கும் முதல் சேலை புஷ்பத்துக்குப் போகும். இரண்டாவதுதான் எனக்கு. ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் எழுதியவள் அவன் மகள். ஏளா ஷைனி, எங்க, முதல்ல இருந்து ஒரு தடவ வாசி, கேப்போம். எழுதியிருக்கத மட்டும் வாசி.