கத்தியில்லா ஆபரேஷனும் ஒரு கழிப்பறைக் கேள்வியும்

கத்தி இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை! ஒளிக்கை ஐயா விரல் வைத்தால் கெட்ட நரம்பு தானே வெளியே வந்துவிடும்! சுவரொட்டி இப்படிக் கூவியதில் மண்டபம் பிதுங்கியது. என்ன நோய் என்று மட்டும் அது வாய் திறக்கவில்லை. ‘அடக்க முடியாத தொல்லை’ என்று நாசூக்காக முடித்துக்கொண்டது. வந்தவர்களும் நாசூக்கானவர்களே. விசாரித்தால், அத்தனை பேரும் பக்கத்து வீட்டுக்காரருக்காக வந்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் மேல் இவ்வளவு அக்கறை உள்ள ஊர் உலகத்திலேயே இதுதான்.

கணக்கு டீச்சரும் அப்படித்தான் வந்திருந்தாள். பிரசவத்தில் கிழிந்த ஆசனவாய்த் தசை, அதற்குப் பிறகு அவள் பேச்சைக் கேட்பதே இல்லை. மலம் தன்னிஷ்டத்துக்கு வரும். பாடம் நடத்தும்போது பாதி மூளை கரும்பலகையில், பாதி கதவில். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். ஆனால் கத்தி பட்ட உடம்பில் ஒளி இறங்காது என்றிருந்தார் ஐயா. ஆபரேஷனை ரத்து செய்யலாமா என்று பார்க்கத்தான் வந்தாள்.

“டாக்டர் என்னதான்க்கா சொன்னாரு?” என்று கூட வந்திருந்த தங்கை கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்தால் மூன்று வரிசைக்குக் கேட்கும்.

“கிழிஞ்ச தசையைச் சேர்த்துத் தைப்பாங்களாம். அது பத்தலைன்னா, நரம்பைத் தூண்டிவிடறதுக்குத் தோலுக்கடியில சின்னக் கருவி. எதுவுமே சரிப்படலைன்னா வயித்துல வழி வெச்சு ஒரு பை. நிறைய பேருக்கு நல்லாவே குறையுமாம். ஆனா முழுசா சரியாயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்னுட்டாரு.”

“ஐயா?”

“நூத்துக்கு நூறுங்கறாரு.”

“நீ விடைத்தாளைப் பார்க்காம யாருக்காவது நூறு போட்டிருக்கியா?”

“சும்மா இருடி.”

மேடையில் ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். விளக்கு மங்கியது, ஒளிக்கைக்கு வெளிச்சம் ஆகாதாம்! ஐயாவின் விரல்கள் துணிக்கடியில் துழாவி, சிவப்பாக, நெளிநெளியாக எதையோ உருவித் தட்டில் போட்டன. கூட்டம் ‘ஆ’வென்றது. படுத்திருந்தவருக்கு எதுவும் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் தெரிந்தது.

அடுத்து, குணமானவர்கள் மூவர் மேடையேறினார்கள். முன்னால் நின்ற மீசைக்காரர் முழங்கினார்: “நேத்து இதே மண்டபத்துக்குத் துடிச்சுக்கிட்டு வந்தேன். நாள் முழுக்கக் காத்திருந்தேன். ஐயா தொட்டாரு, போயே போச்சு!”

டீச்சருக்குக் கணக்கு உதைத்தது. எழுந்தாள். மேடையைப் பார்த்துக் கேட்டாள்.

“நாள் முழுக்க வியாதியோட இங்கயே இருந்தீங்களா?”

“ஆமாம்மா.”

“அப்போ இங்க கழிப்பறை எங்க இருக்கு?”

மீசைக்காரர் இடப்பக்கம் பார்த்தார். இரண்டாமவர் வலப்பக்கம் கை காட்டினார். மூன்றாமவர் ஐயாவைப் பார்த்தார். ஐயா கூரையைப் பார்த்தார்.

டீச்சர் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க.”

அத்தனை கைகளும் ஒரே திசையில் எழுந்தன. பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பச்சைக் கதவு.

“தாழ்ப்பாள் சரியில்ல,” என்றார் ஒருவர்.

“காலால முட்டுக் கொடுக்கணும்,” என்றாள் இன்னொருத்தி.

இந்த நோய் உள்ளவர்கள் எங்கே நுழைந்தாலும் முதலில் தேடுவது நாற்காலியை அல்ல. கை தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரிக்க, மண்டபமே சிரித்தது. சிரிப்பு அவர்களுக்கு ஆபத்தானது. நாலைந்து பேர் பச்சைக் கதவுக்கு ஓடினார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வழிவிட்டார்கள்.

அதற்குள் தங்கை மேடையேறி விளக்கைப் போட்டு, தட்டைத் தூக்கிக் காட்டினாள். “அக்கா, கோழிக்குடல்! சுத்தமாக்கூடக் கழுவல!”

ஐயா மெல்ல நழுவினார். “கொஞ்சம் அவசரம்…”

“எந்தப் பக்கம்னு தெரியுமா சாமி?” என்றாள் தங்கை.

தெரியவில்லை. யாரோ போன் போட, போலீஸ் வந்து வழி காட்டியது.

திங்கட்கிழமை டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தசையைச் சேர்த்துத் தைத்தார்கள். இப்போது பாடம் நடத்தும்போது முக்கால் மூளை கரும்பலகையில் இருக்கிறது. டாக்டரும் அவ்வளவுதான் சொல்லியிருந்தார்.

மலத்தை அடக்க முடியாதது வியாதி. அதற்கு வைத்தியம் இருக்கிறது. வாய்வரை வந்த கேள்வியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்கு எந்த டாக்டரும் ஆபரேஷன் செய்ய முடியாது. நீங்களேதான் வாயைத் திறக்க வேண்டும்.