அலுவலக மீசை

அலுவலகத்தில் ஒழுக்கம் குறைந்துவிட்டது என்ற உண்மை மேலதிகாரிக்கு ஒரு நாள் நண்பகலில், வேலைக்கு வந்து இறங்கும்போது, தெரியவந்தது. உடனே ஒரு கூட்டம் போட்டார்.

அப்போது எல்லா அலுவலகங்களையும் ஒரு மோகம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. வாசலில் 'அந்தக் காலத்து' ராணுவ வீரர் ஒருவரை நிறுத்திவைக்க வேண்டும். பக்கத்து வரி அலுவலகத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவர் தொண்டை கிழியக் கத்துவார், வரிசை நூல் பிடித்ததுபோல் நேராகிவிடும். வரிசை போய்ச் சேரும் மேசையில் ஆள் இருக்க மாட்டார், அது வேறு விஷயம். நாங்கள் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கும் பொதுமக்கள். எங்களுக்கும் அந்த ஏற்பாட்டின் மேல் ஆசை வந்துவிட்டது.

எங்கள் சான்றிதழ் அலுவலகத்துக் காவலாளியும் முன்னாள் ராணுவ வீரர்தான். ஆனால் அவர் வாய் திறந்தால் அவர் சட்டைப் பொத்தானுக்கு மட்டும்தான் கேட்கும். ஊமைச் சிப்பாய் என்று பெயர் வைத்திருந்தோம். கூடத்தின் நடுவில், விசிறிக்கு நேர் கீழே, அவர் நாலு நாற்காலிகளைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்.

"இங்க உக்காராதீங்க. மேல கூரையில விரிசல் ஓடுது" என்பார் மெதுவாக.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே நாங்கள் கயிற்றைத் தாண்டிப் போய் உட்காருவோம். காற்று வரும் இடம் அது ஒன்றுதான்.

கூட்டத்தில் மேலதிகாரி அவரை அழைத்து விசாரித்தார்.

"ராணுவத்துல எந்தப் பிரிவு?"

"கண்ணிவெடி எடுக்கிற பிரிவு சார்."

"அங்க எப்படிக் கத்துவீங்க?"

"கத்தவே மாட்டோம் சார். பக்கத்துல இருக்கிறவன் திடுக்கிட்டு ஒரு காலை நகர்த்திட்டா, அப்புறம் கத்துறதுக்கு யாரும் மிஞ்ச மாட்டாங்க."

மேலதிகாரி முகம் வாடிவிட்டது. "மீசை?"

"பழக்கமில்ல சார்."

"நீங்க நிஜ ராணுவத்துலதான் இருந்தீங்களா?"

கத்தப் பழகுவது, இல்லையென்றால் வேலையை விட்டுப் போவது என்று முடிவாயிற்று. வீட்டில் அவர் மனைவி கேட்டாள்: "எதுக்குங்க இந்தக் கூத்து? வேற வேலையே கிடைக்காதா?"

"விரிசலைப் பத்தி நான் சொன்னா யார் காதுலயும் ஏறல. கத்திச் சொன்னாலாவது கேப்பாங்க இல்ல?" என்றார் அவர். அந்த நியாயம் அவளுக்கும் சரியென்று பட்டது. எங்களைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது.

பயிற்சியாளர் வந்தார். சின்ன வயது, பெரிய தாடி, இலை தழை அச்சடித்த கால்சட்டை. ராணுவத்தின் பக்கமே தலைவைத்துப் படுத்தவரில்லை. ஆனால் ராணுவத்தைப் பற்றி அவர் பார்க்காத காணொளி உலகத்தில் இல்லை.

"எந்த வாக்கியத்தையும் 'எங்க காலத்துல'ன்னு ஆரம்பிக்கணும். தண்ணி கேட்டாலும் அப்படித்தான். புரியுதா?"

"புரியுது சார்."

"தப்பு. அந்தக் காலத்து ஆளுக்கு எதுவும் உடனே புரியக் கூடாது. முதல்ல முறைக்கணும்."

சொந்த மீசை வளரும்வரை பொறுக்க முடியாது என்பதால் அலுவலகச் செலவில் ஒட்டுமீசை ஒன்று வாங்கப்பட்டது. அது அலுவலக உடைமை. மாலையில் கழற்றி, முத்திரைக் கட்டைகள் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் பிய்த்து உதறிவிட்டார். "எங்க காலத்துல செருப்பு கூட நேராத்தான் நடக்கும்!" என்று அவர் ஒரு அதட்டல் போட்டால், எங்களுக்குப் புல்லரித்துவிடும். என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. சான்றிதழே தேவைப்படாதவர்கள்கூட அவரிடம் திட்டு வாங்கிப் படம் பிடித்துக்கொள்ள வந்தார்கள். கூட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் கயிற்றையும் துணியையும் அவரே அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். புகழ் யாரைத்தான் விட்டது? ஓய்ந்த வேளைகளில் கண்ணாடி முன் நின்று, அலுவலக மீசையை முறுக்கிவிட்டுக்கொள்வதை நாங்களே பார்த்தோம்.

ஒரு நாள் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். கத்தி முடித்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்தவரிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "உங்க விரிசல் என்ன ஆச்சு?"

அவர் மேலே பார்த்தார். வேலையில் மூழ்கிப்போய் அண்ணாந்து பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. விரிசல் இப்போது விசிறியைச் சுற்றி வளைத்து, சுவர்வரை போயிருந்தது. விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது.

"எல்லாரும் வெளிய போங்க! கூரை விழப்போகுது!" என்று கத்தினார்.

நாங்கள் கைதட்டினோம். இது புது வசனம்.

"நான் நிஜமாச் சொல்றேன்! ஓடுங்க!"

"சார், இன்னொரு தடவை" என்றாள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த ஒரு பெண். "'ஓடுங்க' சரியா விழல." ஒருவர் வெளியே நின்ற தம்பியை உள்ளே வரச்சொல்லி சைகை காட்டினார். மேலதிகாரியே அறையிலிருந்து வந்து, விசிறிக்குக் கீழே நல்ல இடமாகப் பார்த்து நின்றார்.

காவலாளி மீசையைப் பிய்த்து எறிந்துவிட்டு, எங்கள் ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் வந்து, பழைய குரலில் கெஞ்சினார். "தயவுசெஞ்சு போயிடுங்க." மீசையில்லாமல் பார்க்கச் சகிக்கவில்லை. இன்றைக்கு இவ்வளவுதானா என்று எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது.

அவர் ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து மீசையை எடுத்துக் கோணலாக ஒட்டிக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடி, தெருவில் நின்று கத்தினார். "எங்க காலத்துல...!"

மீதியைக் கேட்க நாங்கள் அடித்துப் பிடித்து ஓடினோம். மேலதிகாரி தலைவாரிக்கொண்டே கடைசியாக வந்தார். அவர் செருப்பு படியைத் தாண்டியதும் கூரை மொத்தமாக உள்ளே இறங்கியது.

முறைப்படி விசாரணை நடந்தது. கூரை விழுந்தபோது காவலாளி தன் இடத்தில் இல்லை என்பது முதல் குற்றம். அவருடைய தொடர் கூச்சலின் அதிர்வில்தான் கூரை விழுந்தது என்பது இரண்டாவது. மீசையில் ஒரு பக்கத்தைக் காணவில்லை என்பதைத்தான் மேலதிகாரியால் மன்னிக்க முடியவில்லை. சாட்சி சொல்ல எங்களையும் கூப்பிட்டார்கள். நாங்கள் உள்ளதைத்தான் சொன்னோம். ஆமாம், ரொம்பக் கத்தினார்.

வேலை போயிற்று. இனிமேல் மென்குரல் கொண்ட முன்னாள் வீரர்களை மட்டுமே நியமிப்பது என்று முடிவெடுத்தார்கள். அவரும் விண்ணப்பித்தார். அவர் கத்திய காணொளியைப் போட்டுக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வேலை பயிற்சியாளருக்குக் கிடைத்தது. அவர் தாடியை எடுத்துவிட்டார். இப்போது கிசுகிசுக்கிறார், என்ன சொல்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தக் காலத்துப் பணிவு என்றால் இதுதான் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

அலுவலகம் இப்போது பக்கத்துக் கூடத்தில் நடக்கிறது. கணக்கு முடிக்க வந்த அன்று பழைய காவலாளி இங்கே வந்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, விசிறிக்கு நேர் கீழே நாலு நாற்காலிகளைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தார். நாங்கள்தான் அவிழ்த்தோம். நிற்கிறவர்கள் பாவம் இல்லையா? அங்கே உட்கார்ந்து அவருடைய பழைய காணொளிகளைப் பார்த்துக்கொண்டு, அவரைப் போல ஒருவர் இனி வர மாட்டார் என்று வருத்தப்பட்டுக்கொள்வோம். உண்மையிலேயே வருத்தம்தான்.

கயிற்றில் கட்டியிருந்த சிவப்புத் துணி வீணாகவில்லை. மேலேயிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்துகொண்டே இருப்பதால், நாற்காலியை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கிறது.