நுரை கக்கிய கல்சிங்கம்

போனக்காட்டுத் தேயிலை மலைக்குக் கீழே ஒரு கிராமத்துச் சாலையோரத்தில் மகாராஜா காலத்துக் குடிநீர்க் குழாய் ஒன்று உண்டு. கருங்கல் சுவர், நடுவில் சிங்கமுகம். வழிப்போக்கர் குடிக்க அதன் வாயில் தண்ணீர் வரும். பல வருடமாகச் சொட்டு இல்லை. வாயில் பீடித்துண்டுதான் கிடந்தது.

ஜலயோகி பத்மகுமார் வந்து மணி அடித்தார். சிங்கத்தின் வாயில் பாதாள கங்கை பொங்கிவிட்டது! கழக்கூட்டம் ஊரின் ஐ.டி. கம்பெனிகளிலிருந்து கம்ப்யூட்டர் படித்தவர்கள் கார் காராக வந்து இறங்கினார்கள். சர்க்கரை நோய்க்கும் தீர்த்தம், சொத்துத் தகராறுக்கும் தீர்த்தம். உள்ளூர்க்காரர்கள் குடத்தோடு வந்தால் மட்டும் யோகி சொல்வார், "இது தாகத்துக்கு உள்ளதல்ல."

அந்த ஊர் ஆவுடைத்தாயின் கணவர் தாணுமாலையன் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார். ஊசியும் தீர்த்தமும் ஓர் உடம்பில் சேராது என்பது யோகியின் மருத்துவம். காலில் புண் கறுத்துக்கொண்டே வந்தது.

"காலையே எடுத்திருவாங்க. ஊசியப் போடுங்க."

"ஏட்டி, ஒனக்கு விசுவாசம் இல்ல. அதாக்கும் என் புண்ணு ஆறாதது."

புண் அவர் காலில். குற்றம் அவள் தலையில்.

ஒருநாள் தீர்த்தப் பாட்டிலில் ஏதோ வாலாட்டியது. யோகி கண்மூடிச் சொன்னார்: "மச்சாவதாரம்!" கூட்டம் கும்பிட்டது. ஆவுடைத்தாயின் கண்ணுக்கு அது தலைப்பிரட்டை. பாதாளத்தில் தவளை ஏது? தேயிலைச் செடிகளுக்கிடையே மேடேறிப் பார்த்தாள். ஓடையோரம் நீல டிரம். அதிலிருந்து கறுப்பு ஓஸ் ஒன்று மண்ணுக்குள் ஒளிந்து, சுவருக்குப் பின்னாலிருந்த யோகியின் குடிலுக்குள் புகுந்து, சிங்கத்தின் முதுகில் முடிந்தது.

மறுநாள் டிரம்மில் சோப்புப்பொடியைக் கரைத்தாள்.

யோகி மணி அடித்தார். சிங்கம் நுரை கக்கியது.

"வெறிநாய் கடிச்சுதோ சிங்கத்த?" என்றது ஒரு குரல்.

யோகி அசரவில்லை. "திருப்பாற்கடல்! பிடியுங்கள்!"

பாட்டில்கள் நீண்டன. முதல் பாட்டில் தாணுமாலையனுடையது.

ஆவுடைத்தாய் அதைத் தட்டிவிட்டுக் குடிலின் ஓலைத்தட்டியைப் பிய்த்தாள். உள்ளே சீடன், குழாய்த் திருகில் கைவைத்தபடி முழித்தான். அவள் ஓஸை உருவினாள். சிங்கம் வறண்டது, அவள் கையில் நுரை கொட்டியது.

"பாத்துக்கங்க, சாமியோட பாற்கடல். பெட்டிக்கடையில பாக்கெட்டா கிடைக்கும்."

யோகி எந்தப் பக்கம் ஓடினார் என்று யாரும் கவனிக்கவில்லை. தாணுமாலையன் தன் காலைப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினார்.

கார்க்காரர் ஒருவர் பணிவாக நெருங்கினார். "அப்போ சேச்சி, சக்தி சிங்கத்துக்கல்ல, அந்த ஓடைக்காணோ?"

ஆவுடைத்தாய் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினாள்.

"இவரு ஒரு கால்விரலையாவது குடுத்துட்டுத்தான் திரும்பி வருவாரு. நீங்க எதைக் குடுத்தா யோசிப்பீங்க, சாரே?"