பலகை அண்ணனின் மூன்று கட்டங்கள்

உலகம் முழுவதையும் மூன்றே கட்டத்துக்குள் அடக்கியவர் எங்கள் 'பலகை' அண்ணன் ஒருவர்தான். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு, கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரப் பங்குத் தரகரிடம் நான் கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆபீஸில் சுவர் அகலத்துக்கு ஒரு கரும்பலகை. அதில் ரப்பர், ஈயம், இதர என்று மூன்று கட்டம். ஒவ்வொரு கம்பெனியையும் அதற்குரிய கட்டத்தில் போட்டு விலையை எழுதுவது அண்ணன் வேலை.

எது எதனால் பிழைக்கிறதோ அதுதான் அதன் கட்டம் என்பது அவர் சட்டம். மனிதர்களையும் விடமாட்டார். தினமும் கொஞ்சமாகப் பயன் தருகிறவர் ரப்பர். ஒரே நாளில் அள்ளிக் கொடுத்துவிட்டு ஓய்ந்துபோகிறவர் ஈயம். பிரிக்ஃபீல்ட்ஸில் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவிடமே, "நீங்க ஈயம்" என்று சொல்லிவிட்டு வந்த புண்ணியவான். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

என்னை முதல் நாளே இதரவில் தள்ளினார்.

"ஏன்ணே?"

"உன்னால யாருக்கு என்ன பிரயோஜனம்னு தெரியலையே."

பூச்சோங் பக்கத்து ரப்பர் கம்பெனி ஒன்றில் ஈயம் கிடைத்ததாகப் பேச்சு வந்தது. அந்தச் சமயத்தில் பங்கு வாங்க வந்தவர்கள் ஈயக் கட்டத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. "அதை ஈயத்துக்கு மாத்து" என்றார் துரை.

"பார்த்துட்டு வந்து எழுதறேன், தொரை."

ஞாயிற்றுக்கிழமை என்னையும் சைக்கிளில் இழுத்துக்கொண்டு போனார். அங்கே ரப்பர் பால்மரங்களைச் சாய்த்திருந்தார்கள். ஈயத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து, அது முழுக்க வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன.

"பாலும் இல்ல, ஈயமும் இல்ல லா" என்றார் காவல்காரர். "ஒரு சீன முதலாளி, பெரிய தவுக்கே, வாத்து வளர்க்கக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்காரு. அதுலதான் கம்பெனி ஓடுது."

திங்கட்கிழமை காலை அந்தக் கம்பெனி இதரவில் இருந்தது. துரையின் முகம் சிவந்துவிட்டது. "ஈயத்துக்கு மாத்து. இல்லன்னா வீட்டுக்குப் போ."

அண்ணன் சாக்கட்டியை மேசைமேல் வைத்தார். "வாத்துக்குன்னு நம்மகிட்ட கட்டம் இல்ல, தொரை. அதனாலதான் இதர."

"வேற யார் பார்த்தது?"

ஆபீஸே பேரேட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நானோ, துரை இருமினாலே எழுந்து நிற்கிறவன். அன்றும் எழுந்தேன்.

"நானும் பார்த்தேன், தொரை. முட்டைகூட வாங்கிட்டு வந்தேன்."

துரை காரில் பூச்சோங்குக்கே கிளம்பிவிட்டார். மத்தியானம் முழங்கால் வரை சேற்றோடும், ஒரு கூடை முட்டையோடும் திரும்பினார். கம்பெனி இதரவிலேயே இருந்தது. அண்ணன் வேலையும் போகவில்லை.

சாயங்காலம் கையில் ஒட்டிய சாக்கட்டித் தூளைத் தட்டியபடி அண்ணன் என்னிடம் வந்தார். "உன்னை இதரவிலிருந்து எடுத்துட்டேன்."

"எதுலண்ணே போட்டீங்க? ரப்பரா, ஈயமா?"

"ரெண்டும் இல்ல. உனக்குப் புதுசா ஒரு கட்டம் போடணும்."

அதற்குப் பெயர் எழுதாமலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இன்னும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறேன். பக்கத்தில் அவரையும் உட்கார்த்தி வைத்திருக்கிறேன்.