அகராதிக்காரரும் மெல்ல வந்த கடலும்

சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கைவிடும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நான் சொல்லவந்தவர் நிவாரண அலுவலகத்தில் சட்டப் பிரிவு அதிகாரி. சக ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ‘அகராதி’. அகராதி பிடித்தவர் என்றால் உங்களுக்குப் புரியும்.

காலையில் வந்ததும் மேசையைத் துடைப்பார், சட்டப் புத்தகத்தின் தூசியை ஊதுவார், கண்ணாடியை மாட்டுவார், எதிரே நிற்பவர் வாயைத் திறந்ததும் முதல் சொல்லிலேயே திருத்தம் போடுவார். ‘வெள்ளம்’ என்றால், “நீர்ப்பெருக்கா, நீர்த்தேக்கமா?” என்பார். மூழ்குகிறவன் எதைச் சொல்வான்?

அன்று ஒரு தையல்காரம்மா வந்தாள். அவள் வீட்டைக் கடல் தின்றுவிட்டது. பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்து முகாமில் இருக்கிறாள். பேரிடருக்குத் தப்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே? அதைக் கேட்கத்தான் வந்தாள்.

“இருக்கு. வீடு எப்படிம்மா போச்சு?”

“கொஞ்சம் கொஞ்சமா, சார். முதல்ல கொல்லைப்புறம், அப்புறம் சமையக்கட்டு...”

“கெடுத்தீங்க! பேரிடர்னா திடீர்னு வரணும்.”

“கடைசிச் சுவரு திடீர்னுதான் சார் விழுந்துச்சு.”

“அப்போ சுவருக்குப் பாதுகாப்பு உண்டு. உங்களுக்கு இல்ல.”

அவர் கேலி செய்யவில்லை, ஐயா. அதுதான் கொடுமை.

“சரி, இங்க ஏன் வந்தீங்க?”

“கடல் துரத்திச்சு, வந்தேன்.”

“‘வந்தேன்’னா நீங்களா வந்ததா ஆயிடும். துரத்தினது ஒரு ஆளா இருக்கணும்மா. நாளைக்கு முகாம்ல இடத்தைக் காலி பண்ணிடுங்க.”

இல்லாத வீட்டுக்கு எப்படித் திரும்புவது என்று அவள் கேட்டாள். அவர் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாலையில் மழை பிடித்தது. அகராதியின் வீட்டு வாசற்படியில் தண்ணீர் ஏறியது. “கிளம்பிடலாங்க,” என்றாள் மனைவி. “மெல்லத்தானே வருது,” என்று அவர் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியே மிதந்தது. விடிந்ததும் படகில் ஏற்றி, நனைந்த கோழிகளாக இருவரையும் அதே பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள்.

தையல்காரம்மா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்க சார். நீங்களா வந்தீங்களா, துரத்திச்சா?”

அகராதி அவள் சுருட்டிய பாயைப் பார்த்துவிட்டு, “இந்த இடம் இப்போ காலிதானேம்மா?” என்று கேட்டார். எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஆனால் படித்துக்கொண்டே வந்தபோது, ‘கடல் எப்படித் துரத்தும்?’ என்று ஒரு முறையாவது மனத்துக்குள் திருத்தியிருந்தால், கொஞ்சம் குனிந்து பாருங்கள். பாதம் நனைகிறதா? மெல்லத்தான் நனையும்.