மாப்பிள்ளை அனுப்பிய காந்த போல்ட்

அத்பாஷி ஊருக்கு மேலே, மேய்ச்சல் மேட்டிலிருந்து.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை நூர்தவ்லத் அவர்களுக்கு மாமனார் ஷர்ஷென் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியார் புரூலும் ஆடுகளும் குதிரைகளும் நலம். பிஷ்கெக்கில் நீங்களும் மகள் ஜிபாரும் பேரன் எமிலும் உங்கள் உதிரிபாகக் கடையும் நலமாக இருக்க வேண்டுகிறோம். போன் சிக்னல் இல்லாத இடம் என்பதால் கடிதம். விஷயம் நம் ஜீப்பைப் பற்றியது.

நவ்ரூஸ் பண்டிகைக்கு நீங்கள் அன்போடு அனுப்பிய காந்த போல்ட்டுகள் வந்து சேர்ந்தன. எஞ்சினுக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று, முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் ஒவ்வொன்று. எண்ணெய் வடிக்கும் பழைய போல்ட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால், உள்ளே தேய்ந்து விழும் இரும்புத் தூளையெல்லாம் நுனியிலுள்ள காந்தம் பிடித்து வைத்துக்கொள்ளும், எண்ணெய் மாற்றும்போது துடைத்தால் போதும், "இனிமே நிம்மதியா இருக்கலாம் மாமா" என்று எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை சொல்லித் தட்டுவதா? மாட்டினேன். நிம்மதி அன்றைக்குத்தான் போனது.

நான் யார் என்பதை நீங்கள் யோசித்திருக்க வேண்டும். வேலையில் இருந்த காலமெல்லாம் மாட்டுச் சாணத்தைப் பார்த்தே நோயைச் சொன்ன கால்நடை டாக்டர். என்னிடம் போய், கழற்றிப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும் என்று ஒரு சாமானைக் கொடுக்கலாமா? முதல் வாரமே கழற்றினேன். நுனியில் கண்மை மாதிரி கருகருவென்று ஒரு பசை. அதைக் காகிதத்தில் தடவி எடுத்துக்கொண்டு மெக்கானிக் மம்பெத்திடம் ஓடினேன். அவன் டீயைக் கீழே வைக்கக்கூட இல்லை. "டாக்டர் ஐயா, ஓடற வண்டின்னா தேயத்தான் செய்யும். பசையா இருந்தா பயமில்ல. கையில நிமிண்டி எடுக்கற மாதிரி துண்டு கெடைச்சா மட்டும் வாங்க. நீங்களுந்தான் தேஞ்சு போயிருக்கீங்க, உங்களைக் கழட்டியா பார்க்கறோம்?" என்றான்.

துண்டு கிடைத்தால் என்று அவன் சொன்னதுதான் வினை. அதற்குப் பிறகு தினமும் காலையில் ஜீப்புக்கு அடியில் படுத்துத் துண்டு தேட ஆரம்பித்தேன். கழற்றும்போதெல்லாம் எண்ணெய் வடிகிறதல்லவா, அதை வீணாக்கக் கூடாதென்று தயிர் வடிகட்டும் துணியால் வடிகட்டித் திரும்ப ஊற்றினேன். துணியை வெந்நீரில் அலசித்தான் வைத்தேன், சத்தியமாக. அந்த மாதம் புரூல் தயிரை வடித்து உருட்டிக் காயவைத்த குருத் உருண்டைகளில் ஒரு தினுசான வாசனை இருந்ததாம். எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு சாதிரின் மனைவி மட்டும், "புகை வாசம் பிரமாதம், எந்த விறகு போட்டே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். புரூல் துணியை மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அன்று இரவு எனக்குச் சூப் இல்லை.

இப்படி இருக்கையில் மேய்ச்சலுக்குக் கிளம்பும் காலம் வந்தது. ஓடைக்கரையில் நாம் கூடாரம் போடும் இடத்தின் மேல் சாதிருக்கு எப்போதும் ஒரு கண். முந்திப் போனவருக்கே இடம். ஜீப்பில் கம்பளிகள், கூடாரக் கழிகள், பால் வாளிகள் எல்லாம் ஏற்றியாயிற்று. கடைசியாக ஒருமுறை பின் ஆக்ஸில் போல்ட்டைத் துடைத்து வைத்தவன், மாட்டப் போகும்போது பார்க்கிறேன், நுனியில் வெட்டிய நகம் மாதிரி கூரான இரும்புத் துண்டு!

"புரூல், பல்லு உடைஞ்சு போச்சு!" என்று கத்தினேன்.

"வாயைத் திறங்க, பார்க்கறேன்" என்று ஓடி வந்தாள்.

"என் பல்லு இல்ல. வண்டி கியர்ப் பல்லு. கணவாய் இறக்கத்துல ஆக்ஸில் பிடிச்சுக்கிட்டா நாம ரெண்டு பேரும் பள்ளத்துல கிடப்போம். வண்டி நகராது."

"சாதிர் நாளைக்குக் கிளம்பறாரு. ஓடைக்கரை போச்சுன்னா கோடை பூரா நான் தண்ணி சுமக்கணும். அந்த இரும்பைத் தூக்கிப் போட்டுட்டு வண்டியை எடுங்க."

மாட்டேன் என்று போல்ட்டை மாட்டி முறுக்கிவிட்டு, துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, மம்பெத்தைக் கூட்டிவர பஸ் ஏறி நாரின் நகரத்துக்குப் போனேன். அவன் அங்கே ஒரு கல்யாண வீட்டில் இருந்தான். கைக்குட்டையை அவிழ்க்கவே விடவில்லை. உட்கார வைத்தார்கள், ஊட்டினார்கள், மணமக்களை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். நான் ஆக்ஸிலைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். மறுநாள் மம்பெத் எழுந்திருக்கிற நிலையில் இல்லை. தனியாகத் திரும்பி வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. முற்றத்தில் ஜீப் இல்லை. சாதிரின் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க வீட்டம்மா நேத்தே போயாச்சு. ஆடு குதிரையெல்லாம் மேய்ப்பரோட அனுப்பிட்டு அவங்களே வண்டியை எடுத்துட்டாங்க. நாங்கதான் பிந்திட்டோம்" என்றாள்.

புரூல் கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டியவள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கணவாய் என்ன உழுத நிலமா? ஆடு ஏற்றிய ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பள்ளத்தைப் பார்த்தேன். ஒரு வளைவுக்குக் கீழே நீலமாக ஏதோ கிடந்தது. நம் ஜீப்பும் நீலம். லாரியை நிறுத்தச் சொல்லிக் குதித்து, பாதிச் சரிவு இறங்கிப் போனேன், மாப்பிள்ளை. யாரோ தேனீப் பெட்டிக்குப் போர்த்தியிருந்த நீலத் தார்ப்பாய் அது. தேனீக்காரர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அழுதேன் என்று லாரிக்காரன் இங்கே எல்லோரிடமும் சொல்லித் திரிகிறான். தேனீ கொட்டியது.

மேலே வந்தால் ஓடைக்கரையில் நம் கூடாரம், புகை, பக்கத்தில் ஜீப். புரூல் குதிரையிடம் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"வந்தாச்சா? சாப்பிட்டீங்களா?"

"ஆக்ஸில் எப்படி இருக்கு?"

"அது சாப்பிட்டுடுச்சு. அந்தத் துண்டை இப்படிக் காட்டுங்க." வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "என் கம்பள ஊசி! நுனி உடைஞ்சு எங்கேயோ விழுந்துடுச்சுன்னு தடவித் தடவித் தேடிட்டிருந்தேன். போல்ட்டை எதுல துடைச்சீங்க?"

அவள் புதிதாகத் தைத்த கம்பளத்தில்தான் துடைத்திருந்தேன்.

ஆகவே மாப்பிள்ளை, காந்தம் நல்ல காந்தம்தான், எனக்குத்தான் ஆகாது. நான்கையும் கழற்றிவிட்டு, பத்திரமாக வைத்திருக்கும் பழைய போல்ட்டுகளை மாட்டிவிடப் போகிறேன். புளித்த குதிரைப்பால் குமிஸ் குடிக்க மேலே வந்திருக்கும் மம்பெத்திடம் உங்களுடையதைக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளவும். இதற்காக நீங்கள் இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வர வேண்டாம். கடையைக் கவனியுங்கள். உங்கள் அடுப்பு அணையாமலும், பேரன் குதிரையேறும் உயரத்துக்கு வளர்ந்தும், எல்லோரும் நிறைவோடு இருக்க இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
ஷர்ஷென்

பின்குறிப்பு: போல்ட்டுகளை அனுப்பவில்லை. கழற்றலாமென்று சற்றுமுன் ஜீப்புக்கு அடியில் படுத்தேன். பின் ஆக்ஸிலில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. மதியம் நான் தூங்கும்போது புரூல் அத்தனையையும் வாளியில் வடித்து, போல்ட்டைப் பழையபடி முறுக்கிவிட்டு, வாளியை ஒளித்து வைத்துவிட்டாள். ஏனென்றேன். "எண்ணெய் இல்லாம வண்டி கீழே இறங்காதுல்ல? மாப்பிள்ளை கொண்டு வரட்டும். தனியா வர வேண்டாம், மகளையும் பேரனையும் கூட்டிட்டு வரட்டும். மூணு கோடையா இங்கே வராம கடை, கடைன்னு சொல்றாங்க. இப்ப கடைச் சாமான்தானே கேக்கறோம்?" என்கிறாள். கூடாரம் ஒரே அறைதான். தேடினால் வாளி கிடைத்துவிடும். நான் தேடுவதாக இல்லை. உடனே கிளம்பி வரவும்.